பென்ஷன் நிதி வாரியத்தில் தொழிலாளிக்குப் பாதி நாற்காலி: அதிகாரமும் பாதிதானா?

மாசிப்பனி (இழை தொடக்கம்)

ஐரோப்பிய வேலையிடப் பென்ஷன் நிதிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் "அங்கே தொழிலாளிகளும் சேர்ந்துதான் நிதியை நடத்துகிறார்கள்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஏட்டளவில் சரி. சுவிட்சர்லாந்தில் பாதி இடம் சட்டப்படி ஊழியர் தரப்புக்கு. நெதர்லாந்தின் துறைவாரி நிதிகளிலும், ஸ்வீடன், டென்மார்க்கின் கூட்டு ஒப்பந்த நிதிகளிலும் சங்கமும் முதலாளி அமைப்பும் எதிரெதிரே உட்காருகின்றன. பிரிட்டனில் மூன்றில் ஒரு பங்கு.

ஆனால் 2013இல் டச்சு உலோகத் தொழிலாளர் நிதி ஓய்வூதியத்தை 6.3% வெட்டியபோது அந்த நாற்காலிகள் காலியாக இல்லை. 2022இல் பிரிட்டன் பல்கலைக்கழக ஊழியர்களின் பென்ஷன் சுருங்கியபோதும், 2023இல் ஸ்வீடனின் பென்ஷன் நிறுவனமான அலெக்டா அமெரிக்க வங்கிப் பங்குகளில் கிட்டத்தட்ட 2,000 கோடி குரோனரைத் தொலைத்தபோதும் ஆள் இருந்தார்கள்.

எந்த முடிவு உண்மையிலேயே வாரிய மேசையில் எடுக்கப்படுகிறது? எது மேசைக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது? தெரிந்தவர்கள் சட்டத்தோடும் எண்ணோடும் எழுதுங்கள். "ஜனநாயகம் நல்லது" ரகப் பதிவுகளுக்கு வேறு இழை இருக்கிறது.

லிம்மாத்கரை

சுவிஸில இருந்து தொடங்கிறன். இந்த விசயத்தை ஆகத் துல்லியமா எழுதி வைச்ச சட்டம் இங்கதான் இருக்கு.

தொழில்சார் ஓய்வூதியச் சட்டம், பேஃபௌகே எண்டு சொல்லுவினம், 1985 ஜனவரி 1இல இருந்து நடைமுறையில. 51ஆம் பிரிவு: நிதியின்ர உச்ச வாரியத்தில ஊழியருக்கும் முதலாளிக்கும் சம எண்ணிக்கை. தலைமை மாறி மாறி வரும், வாரியம் வேற மாதிரி முடிவெடுத்தாலொழிய. வாக்கு சமமாப் பிரிஞ்சா என்ன செய்யிறது எண்டு விதியில எழுதாட்டில், ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட நடுவர் தீர்ப்பார். நடுவரிலயும் ஒத்துவராட்டில் கண்காணிப்பு அதிகார சபை ஒருத்தரைப் போடும்.

அதை விட முக்கியம் 51அ பிரிவு. வாரியம் வேற ஆரிட்டையும் தள்ளிவிடேலாத வேலைகளின்ர பட்டியல் அது: பலன் திட்டம், விதிமுறைகள், தொழில்நுட்ப வட்டி வீதம் (குடுக்கவேண்டிய பென்சனின்ர இண்டைய மதிப்பைக் கணக்குப் பாக்கிற வீதம்), முதலீட்டு இலக்கு, ஓய்வூதிய நிபுணரையும் கணக்காய்வாளரையும் நியமிக்கிறது. உறுப்பினருக்கான ஆரம்பப் பயிற்சியும் தொடர் பயிற்சியும் அந்தப் பட்டியலிலயே இருக்கு.

இனி, மேசையில உண்மையா எடுக்கிற முடிவு எது? மாற்று வீதம். சேர்ந்த மூலதனத்தை வருசப் பென்சனா மாத்திற சதவீதம். கட்டாயப் பகுதிக்கு, அதாவது சட்டமே சேமிக்கச் சொல்லுற பகுதிக்கு, சட்டம் 6.8% எண்டு சொல்லுது, அதாவது 1 லட்சம் பிராங்குக்கு வருசம் 6,800. இதைக் குறைக்க மூண்டு தரம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போய் மூண்டு தரமும் தோத்தது. 2010இல 72.7% பேர் எதிர்ப்பு, 2017இல 52.7%, 2024 செப்டம்பரில 67.1%.

பேப்பரைப் பாத்தா சனம் வெண்டது போலத்தான். கணக்கைப் பாருங்கோ. கட்டாயப் பகுதியில 3 லட்சம், அதுக்கு மேற்பட்ட பகுதியில 2 லட்சம் வைச்சிருக்கிற ஆளுக்குச் சட்டம் உறுதி தாறது 3 லட்சத்தின்ர 6.8%, அதாவது 20,400. ரெண்டு பகுதியையும் ஒண்டாச் சேர்த்துக் கணக்குப் பாக்கிற நிதி, மொத்த 5 லட்சத்துக்கும் 5.2% எண்டு வீதம் போட்டா 26,000 வரும். 20,400ஐ விடக் கூட, ஆகவே சட்டப்படி சரி. முழுத் தொகைக்கும் 6.8% போட்டிருந்தா 34,000. அந்த 8,000 பிராங்கு வித்தியாசத்தை வாக்குப்பெட்டி தொடேல்ல. சமமா உட்கார்ந்த வாரியம்தான் தீர்மானிச்சது, ஊழியர் பிரதிநிதிகளும் கையைத் தூக்கித்தான்.

ரெண்டு ஓட்டை. ஓய்வு பெற்ற ஆக்களுக்கு எண்டு வாரியத்தில தனி இடம் இல்லை. மற்றது, சின்னக் கம்பனிகள் சேருற கூட்டு நிதியங்கள். அங்க ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு சின்னக் குழு இருக்கும், அதுவும் பாதிக்குப் பாதிதான். ஆனா பெரிய முடிவுகள் மேல இருக்கிற வாரியத்தில. அந்தத் தேர்தலில ஆயிரக்கணக்கான கம்பனிக்காரர் வாக்குப் போடோணும், வேட்பாளர் ஆரெண்டே ஒருத்தருக்கும் தெரியாது.

ஹேக்ரயில்

நெதர்லாந்தில் நாற்காலிக் கணக்கு இதைவிடச் சிக்கல், அதிகாரம் இதைவிடக் குறைவு.

வாரிய அமைப்பை மாற்றிய சட்டம் 2014 ஜூலையில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சமபங்கு வாரியம், வெளியாட்களை மட்டும் கொண்ட சுயேச்சை வாரியம், இரண்டும் கலந்த மூன்று வகை என ஐந்து மாதிரிகளில் ஒன்றை நிதி தேர்ந்தெடுக்கலாம். சமபங்கு மாதிரியில் ஓய்வூதியருக்கும் இடம் உண்டு, மொத்தத்தில் 25%க்கு மேல் போகாது. வாரியத்துக்கு வெளியே "பொறுப்புக்கூறல் அவை" என்று ஒன்று. ஆண்டுதோறும் வாரியத்தின் செயல்பாட்டுக்கு அது தீர்ப்பு எழுதும், பங்களிப்புத் தொகை போன்றவற்றில் ஆலோசனை சொல்லும். ஆலோசனையை வாரியம் புறக்கணித்தால் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நிறுவனப் பிரிவுக்குப் போகலாம். சுயேச்சை வாரியம் உள்ள இடத்தில் இந்த அவைக்குப் பதில் வேறு ஓர் அவை. அதன் ஒப்புதல் இல்லாமல் முதலீட்டு உத்தி போன்ற சில முடிவுகள் நகராது. உண்மையான பிடி அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் அந்த மாதிரியைச் சங்கங்கள் விரும்புவதில்லை, நாற்காலி போய்விடுகிறது அல்லவா.

இப்போது 2013க்கு வருவோம். ஏப்ரல் 1 அன்று உலோகத் துறையின் பிஎம்டி 6.3%, பிஎம்இ 5.1%, அரசு ஊழியர், ஆசிரியர் நிதியான ஏபிபி 0.5% வெட்டின. வாரியத்தில் எத்தனை சங்கக்காரர் இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும். காரணம் முழுக்கக் கணக்குவழி. நிதியின் சொத்தை, எதிர்காலத்தில் கொடுக்க வேண்டிய பென்ஷனின் இன்றைய மதிப்பால் வகுக்கிறார்கள். அந்த விகிதம் சுமார் 104-105%க்குக் கீழே நீண்டநாள் கிடந்தால் வெட்டியே ஆக வேண்டும் என்று சட்டம். "இன்றைய மதிப்பு" காண வேண்டிய வட்டி விகிதத்தை மத்திய வங்கி வெளியிடுகிறது. வட்டி இறங்கினால் கடப்பாடு ஊதும், சொத்து ஒரு யூரோகூடக் குறையாமலே விகிதம் சரியும். 2008 நெருக்கடிக்குப் பின் கொடுத்த மீட்பு அவகாசம் 2013இல் தீர்ந்தது, வட்டியோ அடிமட்டத்தில். வாரியத்துக்கு மிஞ்சியது கால்குலேட்டரைத் தட்டிவிட்டு உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதும் வேலை.

இன்னொரு வடிகட்டி: வாரியத்துக்குப் பெயர் கொடுத்தால் மட்டும் உட்கார்ந்துவிட முடியாது. மத்திய வங்கியின் தகுதிச் சோதனை உண்டு, நேர்காணலுக்கும் கூப்பிடலாம். ஒருவர் எத்தனை நிதிகளில் பொறுப்பு வகிக்கலாம் என்பதற்கும் நேரக் கணக்கில் உச்சவரம்பு. நோக்கம் நல்லதுதான். விளைவு என்னவென்றால், சங்கம் அனுப்புகிறவரும் முதலாளி அனுப்புகிறவரும் ஒரே பயிற்சி வகுப்பில் படித்து, ஒரே ஆலோசகரின் அறிக்கையை வாசித்து, ஒரே மாதிரிப் பேசுகிறார்கள்.

செலவுக்கணக்கு

ஹேக்ரயில் சொன்னதையே நான் எதிர்ப்பக்கமாக வாசிக்கிறேன். வட்டி விகிதத்தைச் சட்டம் வைக்கிறது, தகுதியை மத்திய வங்கி பார்க்கிறது, முதலீட்டைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிறார்கள். அப்படியிருக்க, தேர்ந்தெடுத்த பிரதிநிதி எதற்கு? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016 பென்ஷன் நிதி நெறிமுறை என்ன கேட்கிறது? நடத்துகிறவர்கள் கூட்டாகப் போதிய அறிவு கொண்டிருக்க வேண்டும். இடர் மேலாண்மை, உள்தணிக்கை, காப்பீட்டுக் கணிப்பு மூன்றுக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும். தேர்தலைப் பற்றி அதில் வற்புறுத்தலே இல்லை. துறைசார் ஆட்களை வைத்து ஒழுங்காக நடத்திவிட்டு, கணக்கைத் திறந்து காட்டினால் போதாதா?

அலெக்டாவையே எடுங்கள். சமபங்கு இருந்தும் 2,000 கோடி போனது.

வடகடல்

அலெக்டா உங்கள் வாதத்துக்கு உதவாது. அதை வரிசையாகப் பார்த்தால் தெரியும்.

அலெக்டா பங்குதாரர் இல்லாத பரஸ்பர நிறுவனம். காப்பீடு வைத்திருக்கும் ஊழியர்களும் நிறுவனங்களுமே சொந்தக்காரர்கள். ஆனால் அவர்கள் யாரும் நேரடியாக வாக்களிப்பதில்லை. முதலாளிகள் கூட்டமைப்பும் அலுவலர் சங்கங்களின் கூட்டணியான பிடிகேயும் ஒரு பிரதிநிதிகள் அவையை நியமிக்கின்றன. அந்த அவைதான் வாரியத்துக்கு மேலே. 2023இல் சுமார் 26 லட்சம் பேரின் பணம், 1.2 லட்சம் கோடி குரோனர். அதிலும் பெரும்பாலோர் "அலெக்டா வேண்டும்" என்று தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல. கூட்டு ஒப்பந்தத்தில் எதையும் தேர்வு செய்யாதவர் தானாக அங்கே போய்ச் சேர்கிறார்.

முதலீடு முழுக்க உள் ஊழியர்கள், கைதேர்ந்தவர்கள். செலவு குறைவு என்பது அவர்களின் பெருமை. உலகப் பங்குகளை ஆயிரக்கணக்கில் வாங்காமல் சுமார் 100 நிறுவனங்களோடு நிறுத்திக்கொண்டு ஒவ்வொன்றிலும் பெரிதாகப் போடுவது அவர்களின் அப்போதைய பாணி. அப்படித்தான் சிலிக்கன் வேலி வங்கி, சிக்னேச்சர் வங்கி, ஃபர்ஸ்ட் ரிபப்ளிக் மூன்றும் உள்ளே வந்தன. மூன்றும் ஏறக்குறைய ஒரே நோய் கொண்டவை: காப்பீட்டு வரம்பைத் தாண்டிய பெரிய வைப்புத்தொகைகள் மிகுதி. 2023 மார்ச்சில் முதல் இரண்டும் மூடப்பட்டன, மூன்றாவதன் பங்குகளை அலெக்டா நட்டத்துக்கு விற்றது. மொத்தச் சொத்தில் இது 2%க்கும் குறைவு, யாருடைய பென்ஷனும் அதனால் நிற்கவில்லை. ஏப்ரலில் தலைமை நிர்வாகி வெளியேற்றப்பட்டார்.

துறைசார் ஆட்கள் வகுத்த உத்தி, துறைசார் ஆட்கள் செய்த தேர்வு. சமபங்கு வாரியத்தின் தவறு வேறு இடத்தில்: "மூன்று வங்கியும் ஒரே காரணத்தால் விழ முடியுமா?" என்ற ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. அதைக் கேட்கக் கணிதப் பட்டம் தேவையில்லை. அதே நிறுவனம் பட்டியலிடப்படாத ஹைம்ஸ்டாடன் பூஸ்டாட் என்ற வீட்டு வாடகை நிறுவனத்தில் சுமார் 5,000 கோடி குரோனரைப் போட்டு 38% வைத்திருந்ததும் அந்த நேரத்தில்தான் பொதுப் பேச்சுக்கு வந்தது. நினைத்தபோது விற்று வெளியேற முடியாத சொத்து அது.

டென்மார்க் இதற்கு எதிர்மாதிரி. அகாடமிகர்பென்ஷன் போன்ற உறுப்பினர் உடைமை நிதிகளில் ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு. உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரலாம், வாக்களிக்கலாம். புதைபடிவ எரிபொருள் முதலீட்டைக் கேள்வி கேட்டு முதலில் அழுத்தியவர்கள் நிர்வாகிகள் அல்ல, இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போன உறுப்பினர்கள்தான். பலவீனமும் அங்கேயேதான்: வருகிறவர் கொஞ்சம் பேர், ஆர்வமுள்ள சிறு குழு கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துவிடலாம்.

பழைய யூனியன்காரர்

பிரிட்டன் கதையை எடுத்தால் செலவுக்கணக்குக்கு இன்னொரு பதிலும் கிடைக்கும்.

மூன்றில் ஒரு பங்கு என்ற விதி எங்கிருந்து வந்தது? 1991 நவம்பரில் பத்திரிகை அதிபர் ராபர்ட் மாக்ஸ்வெல் இறந்த பிறகு, மிரர் குழும ஊழியர்களின் பென்ஷன் நிதியிலிருந்து 40 கோடிப் பவுண்டுக்கு மேல் காணாமல் போனது வெளிவந்தது. அதன் பின்தான் 1995 பென்ஷன் சட்டம்: நிதியை நடத்தும் அறங்காவலரில் குறைந்தது மூன்றில் ஒருவரை உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும். ஆனால் முதலாளி மாற்று ஏற்பாடு முன்வைத்து நழுவிக்கொள்ள வழி விட்டிருந்தார்கள். 2004 சட்டம் அந்த வழியை அடைத்தது. விகிதத்தைப் பாதியாக உயர்த்தும் அதிகாரம் அந்தச் சட்டத்திலேயே அமைச்சருக்கு இருக்கிறது, இன்றுவரை யாரும் பயன்படுத்தவில்லை.

இப்போது அந்த மூன்றில் ஒன்றும் கரைந்துகொண்டிருக்கிறது. ஒரே அறங்காவலராகச் சுயேச்சை நிறுவனம் ஒன்றை வைத்துவிட்டால் விதி பொருந்தாது. பல முதலாளிகள் சேரும் பெரிய 'மாஸ்டர் டிரஸ்ட்'களில் அறங்காவலரில் பெரும்பான்மையோர் சேவை நிறுவனத்தோடு தொடர்பற்றவர்களாக இருந்தால் சரி. உறுப்பினர் "கருத்துச் சொல்ல வழி" இருக்க வேண்டும், அவ்வளவே. முதலாளியே தானாக நிதியில் சேர்த்துவிடும் தானியங்கிச் சேர்ப்பில் வந்த இளம் ஊழியர்கள் அனேகமாக இந்த வகையில்தான் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழக ஊழியர் நிதியான யுஎஸ்எஸ் முழுப் பாடம். அங்கே இரண்டு மேசை. ஒன்று அறங்காவலர் நிறுவன வாரியம், மதிப்பீட்டைச் செய்வது அது. மற்றது கூட்டுப் பேச்சுக் குழு: சங்கம் 5, பல்கலைக்கழகங்கள் 5, நடுவே ஒரு தலைவர். பற்றாக்குறை எவ்வளவு என்று முதல் மேசை எண்ணைச் சொல்லிவிடும், அதை எப்படி அடைப்பது என்பதுதான் இரண்டாவது மேசையின் வேலை. 2018 ஜனவரியில் 5-5 என்று நின்றபோது தலைவரின் வாக்கு முதலாளி பக்கம் விழுந்தது. விளைவு, பிப்ரவரி-மார்ச்சில் 14 நாள் வேலைநிறுத்தம்.

உண்மையான சண்டை எண்ணைப் பற்றியது. சங்கம் முன்மொழிந்த வாரிய உறுப்பினர் ஒருவர், புள்ளியியல் பேராசிரியர், பற்றாக்குறைக் கணக்கைச் சரிபார்க்கத் தேவையான தரவைத் தனக்குத் தரவில்லை என்று ஒழுங்குமுறை ஆணையத்திடம் எழுதினார். 2019இல் ரகசியக் காப்பு மீறல் உள்ளிட்ட குற்றச்சாட்டுகளோடு பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு 2020 மார்ச் 31 நிலவரப்படி, கோவிட் சந்தைச் சரிவின் அடிவாரத்தில் நின்று, அடுத்த மதிப்பீடு: 1,410 கோடிப் பவுண்டு பற்றாக்குறை. அதை வைத்து 2022 ஏப்ரலில் வெட்டு. ஆண்டுக்குச் சம்பளத்தின் 75இல் ஒரு பங்கு என்று சேர்ந்த பென்ஷன் 85இல் ஒரு பங்கானது. உறுதிப் பலனுக்கான சம்பள வரம்பும் சுமார் 60,000இலிருந்து 40,000 பவுண்டுக்கு இறங்கியது. மூன்றே ஆண்டில், 2023 மதிப்பீட்டில், 740 கோடிப் பவுண்டு உபரி! 2024 ஜனவரியில் உறுப்பினர் பங்களிப்பு 9.8%இலிருந்து 6.1%க்குக் குறைந்தது, ஏப்ரலில் 75இல் ஒரு பங்கு திரும்பியது.

வட்டி ஏறியதுதான் பெரிய காரணம், சதி என்று சொல்லவில்லை. ஆனால் அனுமானத்தைச் சோதிக்க முடியாதவன் கையில் வாக்கு இருந்து பயனில்லை. செலவுக்கணக்கு "கணக்கைத் திறந்து காட்டினால் போதும்" என்கிறார். வாரியத்துக்கு உள்ளே இருந்தவருக்கே திறந்து காட்டவில்லை என்பதுதானே இங்கே புகார்.

செலவுக்கணக்கு

யுஎஸ்எஸ் விஷயத்தில் தரவு வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் 2022 செப்டம்பரையும் எழுதுங்கள். உறுப்பினர் முன்மொழிந்த அறங்காவலர்கள் இருந்த நிதிகளும்தான் கடன் வாங்கி அரசுப் பத்திரத்தில் போடும் உத்தியில் மாட்டின. பத்திர விலை விழ, பிணைத்தொகை கேட்டு அழைப்பு வர, கையில் பணமில்லாமல் மேலும் பத்திரம் விற்க, விலை மேலும் விழ, கடைசியில் 28ஆம் தேதி இங்கிலாந்து வங்கி 6,500 கோடிப் பவுண்டு வரை வாங்கத் தயார் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. எத்தனை அறங்காவலருக்கு அந்த உத்தியில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்?

பழைய யூனியன்காரர்

பலருக்குத் தெரிந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அந்த உத்தியை விற்ற ஆலோசகர்கள் எல்லாரும் துறைசார் ஆட்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாசிப்பனி

வேறு கோணம். சங்கம் அனுப்பிய பிரதிநிதி சங்கம் சொன்னபடி வாக்களிக்க வேண்டுமா? இல்லையென்றால் சங்கம் திரும்ப அழைக்கலாமா?

வடகடல்

ஐஸ்லாந்தில் 2019இல் இது நேரடியாகவே நடந்தது. வணிகத் துறை ஊழியர் நிதியின் வாரியத்தில் எட்டு இடம், நான்கு அந்த ஊழியர்களின் விஆர் சங்கத்துக்கு, நான்கு முதலாளிகளுக்கு. அங்கே பென்ஷன் நிதிகள் உறுப்பினர்களுக்கு வீட்டுக்கடனும் கொடுக்கும். மாறும் வட்டிக் கடனின் வட்டியை நிதி உயர்த்தியது. சம்பள ஒப்பந்தம் முடிந்த கையோடு இப்படிச் செய்தது துரோகம் என்று சொல்லி, ஜூனில் சங்கம் தன் நான்கு பேரின் அதிகாரத்தையும் திரும்பப் பெற்றது.

நிதிக் கண்காணிப்பகம் உடனே குறுக்கிட்டது. வாரிய உறுப்பினர் நிதியின் நலனைப் பார்த்துச் சுயமாக முடிவெடுக்க வேண்டும், குறிப்பிட்ட முடிவொன்று பிடிக்கவில்லை என்பதற்காக நியமித்தவர் பிடுங்கிக்கொண்டால் அந்தச் சுதந்திரம் இல்லை என்பது அதன் நிலை. திரும்ப அழைத்தல் பற்றி விதிகளில் தெளிவாக எழுதும்படி நிதிகள் எல்லாவற்றையும் கேட்டது.

கடன் வாங்கிய உறுப்பினருக்கு வட்டி குறைந்தால் நல்லது. கடன் வாங்காத உறுப்பினருக்கு அதே வட்டிதான் வருமானம். சங்கம் இருவருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறது. கண்காணிப்பகத்தின் நிலை சட்டப்படி சரி. அரசியலாகப் பார்த்தால், ஆளை நியமிப்பதோடு உன் வேலை முடிந்தது என்று சங்கத்துக்குச் சொல்வதுபோல்தான்.

பழைய யூனியன்காரர்

இதே கேள்விக்குப் பிரிட்டன் 1984இலேயே நீதிமன்றத்தில் பதில் வாங்கிவிட்டது: கௌவன் எதிர் ஸ்கார்கில் வழக்கு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நிதியில் அறங்காவலர் பத்துப் பேர், ஐவர் சங்கம், ஐவர் முதலாளியான நிலக்கரி வாரியம். சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் தலைமையிலான சங்கத்து ஐவர், வெளிநாட்டு முதலீட்டை நிறுத்த வேண்டும், நிலக்கரிக்குப் போட்டியான எரிபொருளில் பணம் போடக்கூடாது, இல்லையென்றால் முதலீட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் இல்லை என்றார்கள். ஸ்கார்கில் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். நீதிபதி மெகாரி சொன்னது: பயனாளிகளின் நலன் என்றால் வழக்கமாக அவர்களின் நிதி நலன்தான். சங்கக் கொள்கை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அதை அறங்காவலர் நாற்காலிக்குக் கொண்டுவரக்கூடாது. பயனாளிகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே சுரங்கத்தை விட்டுப் போனவர்கள், விதவைகள் என்பதும் தீர்ப்பில் எடைபோட்ட விஷயம்.

அந்த நிதியின் பிற்காலமும் இந்த இழைக்குப் பொருந்தும். 1994 தனியார்மயத்தின்போது அரசு உத்தரவாதம் தந்தது, பதிலுக்கு உபரியில் பாதி அரசுக்கு. முப்பது ஆண்டு அரசு எடுத்தது. 2024 அக்டோபர் பட்ஜெட்டில்தான் 150 கோடிப் பவுண்டு ஒதுக்கு நிதியை 1,12,000 முன்னாள் தொழிலாளர்களுக்கு விட்டார்கள். சராசரியாக வாரம் 29 பவுண்டு கூடியது. வாரியத்து வாக்கு இதைப் பெற்றுத் தரவில்லை. தேர்தல் வாக்குறுதியாக்கும் வரை வெளியே தள்ளிய தள்ளு பெற்றுத் தந்தது.

ஹேக்ரயில்

வெளியே இருந்து தள்ளுவது இங்கேயும் பலித்திருக்கிறது. 2007இல் ஒரு தொலைக்காட்சிப் புலனாய்வு, டச்சு பென்ஷன் நிதிகள் கொத்துக்குண்டு தயாரிப்பாளர்களில் முதலீடு செய்திருப்பதைக் காட்டியது. சில வாரத்தில் பெரிய நிதிகள் விலகத் தொடங்கின, 2013இல் அந்த முதலீட்டுக்குச் சட்டத் தடையே வந்தது. 2021 அக்டோபரில் ஏபிபி சுமார் 1,500 கோடி யூரோ புதைபடிவ முதலீட்டை விற்பதாக அறிவித்ததற்கு முன்னும் ஆசிரியர்களும் பேராசிரியர்களும் ஆண்டுக்கணக்கில் நெருக்கினார்கள், வழக்கு மிரட்டலும் இருந்தது. பொறுப்புக்கூறல் அவையில் அமர்ந்து மட்டும் இதைச் சாதித்திருக்க முடியாது.

ஆனால் மிகப் பெரிய முடிவில் தள்ளுவதற்கு இடமே விடவில்லை. 2023 ஜூலையில் வந்த புதிய பென்ஷன் சட்டப்படி, உறுதித் தொகைப் பென்ஷன் போய், சந்தையோடு ஏறி இறங்கும் தனித்தனிப் பங்குத்தொகை வருகிறது. 2028 ஜனவரி 1க்குள் எல்லா நிதியும் மாறியாக வேண்டும். பழைய உரிமைகளையும் புது முறைக்குள் கொண்டுபோகலாம். சாதாரணமாக இப்படி மாற்றும்போது தனி உறுப்பினருக்கு ஆட்சேபிக்கும் உரிமை உண்டு. இந்த மாற்றத்துக்கு மட்டும் அதை நிறுத்தி வைத்தார்கள். பதிலாக ஓய்வூதியர் சங்கங்களுக்குக் "கேட்கப்படும் உரிமை", பொறுப்புக்கூறல் அவைக்குக் கூடுதல் ஆலோசனை உரிமை. உறுப்பினர் ஒப்புதல் வேண்டும் என்று கொண்டுவந்த திருத்தம் 2025 மே மாதம் கீழவையில் தோற்றது.

நியாயமும் உண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியே "எனக்கு வேண்டாம்" என்றால் பழைய கூட்டுப் பானையும் புதிய கூட்டுப் பானையும் இரண்டாக உடையும். மிஞ்சும் முதியவர்களின் பானையில் இடரைத் தாங்க இளையவர் இருக்கமாட்டார்கள். இருந்தாலும், கோடிக்கணக்கான யூரோவை வயதுவாரியாகப் பிரிக்கும் சூத்திரத்தைப் பேச்சுமேசையில் முடிவு செய்துவிட்டு, மாற்றத்தால் நட்டப்படும் நாற்பது வயதுக்காரருக்கு ஏன் ஈட்டுத்தொகை என்று எழுபது வயதுக்காரருக்குக் கடிதத்தில் விளக்குவது... எழுதுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

மாசிப்பனி

லிம்மாத்கரை, நடைமுறைக்கு வருவோம். 40 பேர் வேலை செய்யும் கம்பெனி கூட்டு நிதியத்தை மாற்றப் போகிறது, ஊழியர் குழுவுக்குப் புதிதாக ஒருவரைத் தேர்ந்திருக்கிறார்கள். அவர் கையில் என்ன பிடி இருக்கிறது?

லிம்மாத்கரை

நல்ல பிடிதான், பாவிக்கிற ஆக்கள்தான் குறைவு. 11ஆம் பிரிவின்படி நிதியைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு ஊழியரின்ர, அல்லது அவையளின்ர பிரதிநிதிகளின்ர உடன்பாடு வேணும். பழைய ஒப்பந்தத்தை முறிக்கிறதுக்கும் வேணும். "அறிவிச்சிட்டம்" எண்டு ஒரு மின்னஞ்சல் காணாது. உடன்பாடு வராட்டில் நடுவர்.

அந்த ஆள் முதல் கூட்டத்துக்கு முன்னமே எழுத்தில கேக்கவேண்டியது: கடைசி ரெண்டு வருச ஆண்டறிக்கை, ஓய்வூதிய நிபுணரின்ர அறிக்கை, முதலீட்டு விதிமுறை, ஒதுக்கீட்டு விதிமுறை, செலவு விபரம். செலவில நிர்வாகச் செலவை ஆளுக்கு எத்தினை பிராங்கு எண்டும், சொத்து மேலாண்மைச் செலவைச் சதவீதமாயும் தனித்தனிய பாக்கோணும். ரெண்டையும் கலந்து "மலிவு" எண்டு காட்டுவினம்.

பிறகு ஒப்பிடேக்க:

- ரெண்டு நிதியின்ரயும் நிதிநிலை விகிதத்தை (ஹேக்ரயில் சொன்ன அதே சொத்து-கடப்பாடு விகிதம்) மட்டும் பக்கத்தில பக்கத்தில வைக்கக் கூடாது. 2% தொழில்நுட்ப வட்டியில 108% காட்டிற நிதியை விட 1.25% வட்டியில 105% காட்டிறது பலமா இருக்கலாம்.
- மாற்று வீதம் இண்டைக்கு என்ன எண்டதோட, அடுத்த அஞ்சு வருசத்துக்கு அறிவிச்ச இறக்கம் என்ன?
- ஏற்கனவே பென்சன் எடுக்கிற பழைய ஊழியரைப் புது நிதி எடுக்குமா, இல்லையா? கனக்க இடத்தில பேச்சு முறியிறது இதிலதான்.
- சேமிப்புக்குக் குடுத்த வட்டி: சட்டக் குறைஞ்ச அளவு 2024இல இருந்து 1.25%. நல்ல வருசங்களில அதுக்கு மேல எவ்வளவு குடுத்தவை?

விகிதம் 100%க்குக் கீழ போனா ஆர் சுமக்கிறது எண்டதையும் முன்கூட்டியே விளங்கி வைச்சிருக்கோணும். 65ஈ பிரிவு: மேலதிகப் பங்களிப்பு கேக்கலாம், ஆனா முதலாளியின்ர பங்கு ஊழியரின்ர மொத்தப் பங்கை விடக் குறையக் கூடாது. அது காணாட்டில் குறைஞ்சபட்ச வட்டியை 0.5 புள்ளி வரை, ஆகக் கூடினது அஞ்சு வருசத்துக்கு, இறக்கலாம். பென்சன் எடுக்கிறவையிட்ட, கடைசிப் பத்து வருசத்தில சட்டக் கட்டாயம் இல்லாமல் கூட்டிக் குடுத்த பகுதியில இருந்து மட்டும்தான் எடுக்கேலும். ஹேக்ரயில் சொன்ன டச்சு வெட்டு இங்க சுலபமில்லை, அதால முழுப் பாரமும் வேலை செய்யிறவையின்ர தலையில.

52ஆம் பிரிவையும் வாசிக்கோணும்: உச்ச வாரியத்தில இருக்கிறவை கவனக்குறைவால வந்த நட்டத்துக்கும் தனிப்பட்ட முறையில பொறுப்பு. எதிர்த்து வாக்குப் போட்டா அதைக் கூட்டக் குறிப்பில பேரோட எழுதச் சொல்லோணும். பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் போற நேரத்துக்குப் படி குடுக்கிறதைப் பற்றி 51அ பிரிவிலயே இருக்கு, கேக்கக் கூச்சப்படத் தேவையில்லை.

நாள் கணக்கு: கனக்க ஒப்பந்தங்களில வருச முடிவுக்கு ஆறு மாதம் முந்தி அறிவிக்கோணும். எண்டா ஜூன் 30 கடைசி. மே மாதக் கடைசியில குழுவுக்கு முன்னால ஒரேயொரு விலைமனுவை வைச்சு "நாளைக்குக் கையெழுத்து" எண்டு கேட்டா, மூண்டு விலைமனு கேக்க உங்களுக்கு நேரமில்லை எண்டு தெரிஞ்சுதான் கேக்கினம். மார்ச்சிலயே எழுத்தில கேளுங்கோ.

செலவுக்கணக்கு

விலைமனு கொண்டுவரும் தரகருக்குக் கமிஷன் யார் தருகிறார்கள் என்பதையும் அந்த மார்ச் கடிதத்திலேயே சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் புது நிதிதான் தரும்.